மணல்மேட்டில் தோப்பு: முதலில் கொடி, அப்புறம் முள், கடைசியில் மரம்

2016 டிசம்பரில் வர்தா புயல் அடித்து ஒரு வாரம் கழித்துத்தான் அம்மா வழியில் எனக்கு வந்த நிலத்தைப் போய்ப் பார்த்தேன். சென்னைக்கு வடக்கே, காட்டுப்பள்ளிக்கும் பழவேற்காட்டுக்கும் நடுவே, பக்கிங்காம் கால்வாய்க்குக் கிழக்கே, 22 சென்ட். மொத்தமும் மணல். அங்கிருந்து கடல் தெரியாது, சத்தம் மட்டும் கேட்கும். தாத்தா விறகுக்காக வைத்த சவுக்கு வரிசை, வரிசையாகவே படுத்திருந்தது. மூலையில் இருந்த ஐந்து பனை மட்டும் ஓலை கலைந்து நின்றன.

அப்போதுதான் வேலையிலிருந்து ஓய்வு பெற்றிருந்தேன். 34 வருடம் ஃபிட்டர். அளவெடுத்துத் துளை போட்டு போல்ட்டை முடுக்கினால் எதுவும் நிற்கும் என்ற எண்ணம் கையில் ஊறிப்போயிருந்தது. அதே எண்ணத்தோடு 2017 ஜனவரியில் நாலடிக்கு ஒன்றாக, நூல் பிடித்து, 60 குழி தோண்டினேன். லாரியில் செம்மண் வரவழைத்துக் குழியில் கொட்டினேன். தொழு உரம் போட்டேன். வேம்பு, பாதாம், கொன்றை, குல்மொஹர் என்று நர்சரியில் கிடைத்ததை எல்லாம் வைத்தேன். ஆனி மாதம் முடியும்போது ஒன்பது இருந்தன. அடுத்த பொங்கலுக்கு இரண்டு.

எண்ணூர் தொடங்கிப் பழவேற்காடு வரை இப்படிப் பட்டா மணல் துண்டு வைத்திருப்பவர்கள் நிறையப் பேர். "இதுல என்ன வளரும்" என்று கேட்டுவிட்டு, கடைசியில் சவுக்கு வைக்கிறார்கள் அல்லது காம்பவுண்டு சுவர் கட்டி விட்டுவிடுகிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நான் தாவரவியல் படித்தவன் இல்லை. செத்த 58 கன்றும் அதற்கப்புறம் பிழைத்தவையும் சொல்லிக் கொடுத்ததைச் சொல்கிறேன்.

இங்கே முன்பு என்ன இருந்தது

எங்கள் பக்கத்து ஊர்ப் பெயர்களை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். காட்டுப்பள்ளி, காட்டூர், பழவேற்காடு. மூன்றிலும் காடு இருக்கிறது. கருங்காலி என்று மரத்தின் பெயரிலேயே ஒரு ஊர். நானும் அறுபது வருடம் இந்தப் பெயர்களைச் சொல்லிக்கொண்டு பஸ் ஏறியவன்தான். ஒருநாளும் யோசித்ததில்லை.

காடு என்றதும் தலைக்கு மேல் கூரை போட்ட மாதிரி அடர்ந்த மரங்களை நினைக்க வேண்டாம். மணல்மேட்டுக் காடு திட்டுத் திட்டாக இருக்கும். ஒரு முள்புதர், அதன் நடுவிலிருந்து தலை நீட்டும் ஒரு மரம், சுற்றிலும் கொடி. அப்புறம் இருபது முப்பது அடிக்கு வெறும் மணல். பிறகு இன்னொரு திட்டு. இடையிடையே பனை. சோழமண்டலக் கரையோரம் நெடுக இருந்த காட்டை வனத்துறைக்காரர்கள் உலர் பசுமைமாறாக் காடு என்கிறார்கள். மழை மூன்று மாதம்தான், ஆனாலும் இலை உதிராது. தடித்த, மெழுகு பூசியது போன்ற சின்ன இலை. உலக்கைப் பாலை, வீரை, காசா, இரும்பிலி, மகிழம், நாவல் எல்லாம் இந்தக் கூட்டம். பழவேற்காடு ஏரிக்கு அந்தப் பக்கம் ஸ்ரீஹரிகோட்டாவில் இது இன்னும் பெரிய பரப்பில் நிற்கிறது. நம் பக்கத்தில் கோயில் ஓரங்களிலும் சுடுகாட்டு ஓரங்களிலும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

நான் குடியிருப்பது திருவொற்றியூர். தியாகராஜ சுவாமி கோயிலின் தல மரம் மகிழம். சங்கிலி நாச்சியாரை விட்டுப் பிரியமாட்டேன் என்று சுந்தரர் சத்தியம் செய்தது அந்த மகிழடியில்தான். சத்தியத்தை மீறினார், கண் போயிற்று. மாசித் திருவிழாவில் மகிழடி சேவை இன்றும் நடக்கிறது. கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் கோயிலுக்கு மகிழமரம் எப்படி வந்தது என்று யாரும் கேட்பதில்லை. அது இந்த மணலின் மரம், அவ்வளவுதான்.

58 கன்று ஏன் செத்தது

செத்த கன்றுகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்த்தேன். எல்லாவற்றிலும் ஒரே கதை. செம்மண் போட்ட குழி ஒரு பூந்தொட்டி மாதிரி ஆகியிருந்தது. வேர் அந்தச் செம்மண்ணுக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வந்திருக்கிறது, மணலுக்குள் போகவே இல்லை. வெயில் வந்ததும் செம்மண் செங்கல்லாக இறுகிவிட்டது. மேலே ஊற்றிய தண்ணீர் கட்டியின் ஓரமாக வழிந்து மணலில் இறங்கிப் போயிருக்கிறது. வேருக்குச் சொட்டுகூடக் கிடைக்கவில்லை.

அதனால் முதல் விதி: குழியில் வெளி மண் கொட்டாதீர்கள். தோண்டின மணலையே திருப்பிப் போடுங்கள். இலைமக்கு இருந்தால் இரண்டு கை கலந்துகொள்ளலாம். மற்றதெல்லாம் மேலே மூடாக்காகத்தான், அதாவது மண்ணை மூடும் போர்வையாக.

இன்னொரு காரணத்தைக் கண்டுபிடித்தது என் பெரியம்மா. அவருக்கு எண்பதுக்குப் பக்கம். ஓலைப் பெட்டி முடைவார். நான் மூன்றாவது தடவையாகக் குழி தோண்டிக்கொண்டிருந்தபோது வந்து நின்றார்.

"இன்னாடா, மணலு நிக்கவே மாட்டேங்குது, நீ அதுல மரத்த நிக்க வெக்கிற?"

"பின்ன இன்னா பெரியம்மா பண்றது?"

"மொதல்ல கொடிய வுடு. கொடி வந்தா முள்ளு வரும். முள்ளு வந்தா மரம் தானா வரும். நட்டுக்கினு கெடக்காத."

இந்தக் கட்டுரை முழுக்க அந்த மூன்று வாக்கியத்தின் விளக்கம்தான்.

ஒரு வருடம் சும்மா பாருங்கள்

மணல் எங்கே நகர்கிறது என்று தெரியாமல் எதையும் நடக்கூடாது. நான் பத்து இரும்புக் கம்பிகளில் அங்குலத்துக்கு ஒரு கோடாக அரம் வைத்து அறுத்து, நிலத்தில் பத்து இடங்களில் அடித்து வைத்தேன். மாதம் ஒருமுறை அளவைக் குறித்துக்கொண்டேன். ஆறு மாதத்தில் ஒரு கம்பியில் ஏழு அங்குலம் மணல் ஏறியிருந்தது. இன்னொன்றில் நாலு அங்குலம் குறைந்திருந்தது. முதல் வருடம் நான் வைத்த கன்றுகளில் பாதி, மணல் குறையும் இடத்தில். வேர் வெளியே தெரிந்து காய்ந்ததில் ஆச்சரியம் என்ன இருக்கிறது?

நம் பக்கத்தில் மணலை அதிகம் அள்ளுவது இரண்டு காற்று. சித்திரை, வைகாசியில் மத்தியானத்துக்கு மேல் தென்கிழக்கிலிருந்து வரும் கடல்காற்று ஒன்று. ஐப்பசிக்கு அப்புறம் வடகிழக்கிலிருந்து வரும் வாடை மற்றொன்று. மணல் குறையும் இடத்தில் இந்தக் காற்றுகளுக்குக் குறுக்கே முழங்கால் உயரத்துக்குப் பனை ஓலைத் தட்டி கட்டுங்கள். நெருக்கமாகக் கட்டக்கூடாது. பாதி ஓட்டையாக இருக்க வேண்டும். காற்று ஓட்டை வழியே வேகம் குறைந்து போகும்போது மணலை அங்கேயே போட்டுவிட்டுப் போகும். தகரம், சுவர் மாதிரி அடைத்துக் கட்டினால் காற்று சுழன்று அடிமணலைப் பறித்துவிடும். பக்கத்து மனைக்காரர் கட்டிய சுவரின் அடியில் நாய் புகுந்து போகும் அளவுக்குப் பள்ளம் விழுந்ததைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

கொடி

அடப்பங்கொடியைத் தெரியாதவர் எங்கள் பக்கம் கிடையாது. ஆட்டுக் குளம்பு போல நடுவில் பிளந்த இலை, ஊதா கலந்த இளஞ்சிவப்புப் பூ. ஐப்பசியில் முதல் நல்ல மழை பெய்த மறுநாள், முழங்கை நீளத் துண்டுகளாக வெட்டிக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றிலும் நாலைந்து கணு இருக்க வேண்டும். மணலில் ஒரு விரல் ஆழத்துக்குப் பள்ளம் கீறி, துண்டைப் படுக்க வைத்து, நுனி மட்டும் வெளியே தெரியும்படி மூடுங்கள். ஒவ்வொரு கணுவிலும் வேர் விடும். மூன்றடிக்கு ஒன்று போதும். மழை இருக்கும்வரை தண்ணீர் ஊற்ற வேண்டாம். தை மாதத்துக்குள் கொடி உங்களைத் தேடி வந்துவிடும்.

துண்டு வெட்டும்போது பேராசை கூடாது. கடல் ஓரத்து முதல் மேட்டில் இருக்கும் கொடிதான் கரையைப் பிடித்துக்கொண்டிருக்கிறது, அதைத் தொடாதீர்கள். சாலை ஓரத்திலும் மனைகளிலும் படர்ந்து கிடப்பதிலிருந்து எடுத்தால் போதும். விதையிலிருந்தும் வரும். ஆனால் ஓடு கெட்டியானது, மாதக்கணக்கில் கடலில் மிதந்தாலும் உள்ளே நீர் போகாது. உப்புத்தாளில் நாலு தேய் தேய்த்து ஓர் இரவு ஊறவைத்தால் முளைக்கும்.

நிலம் கடலைப் பார்த்துச் சரிந்திருந்தால் கிழக்கு ஓரத்தில் ராவணன் மீசையும் வேண்டும். விறைத்த, ஊசி முனைப் புல். அதன் பெண் செடியில் வரும் உருண்டையான கதிர்க்கொத்து, காற்றில் கரையெல்லாம் உருண்டு ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். சின்ன வயதில் அதன் பின்னால் ஓடி, காலில் குத்து வாங்காதவர் யார்? வேர் விட்ட தண்டாகப் பார்த்துப் பிரித்து நடுங்கள். கையுறை கட்டாயம்.

முள்

இந்தக் கட்டத்தைத்தான் எல்லோரும் தாண்டிக் குதிக்கிறார்கள். முள் என்றாலே வெட்டிப் போட வேண்டியது என்று பழகிவிட்டோம். ஆனால் வெயில் மணலில் ஒரு மரக்கன்றுக்கு முள்புதரை விட நல்ல தாய் கிடையாது. நிழல் தரும். உப்புக் காற்றை முதலில் தன் இலையில் வாங்கிக்கொள்ளும். அதன் சருகு அடியில் சேர்ந்து, மணலுக்கு நாலு விரல் கறுப்பு நிறம் வரும். ஆடு வாய் வைக்காது. அப்புறம் பழம் தின்ன வரும் குருவிகள் வேறு விதைகளைக் கொண்டுவந்து போடும்.

நான் வைத்தது ஐந்து வகை. சங்கஞ்செடி, சிலர் இசங்கு என்பார்கள். கணுவுக்கு நாலு முள், வெள்ளையாகச் சின்னப் பழம், உப்பு அதற்கு ஒரு பொருட்டே இல்லை. பீச்சங்கு, இதற்கு முள் கிடையாது. ஆனால் இலை அவ்வளவு கசப்பு, ஆடு முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்விடும். பென்சில் தடிமனில் குச்சி வெட்டி நட்டாலே வேர் பிடிக்கும். களா, ஊறுகாய்க்குப் பறிக்கிறோமே அதேதான். காரை. கடைசியாகச் சூரை. இதன் முள் வளைந்து தூண்டில் மாதிரி சட்டையைப் பிடிக்கும், அதனால் நடைபாதை ஓரத்தில் வைக்காதீர்கள். நான் வைத்தேன். இரண்டு லுங்கி போயிற்று.

களா, காரை, சூரை மூன்றையும் பழத்திலிருந்து விதை எடுத்து, சதையைக் கழுவிவிட்டு, நாள் கடத்தாமல் விதையுங்கள். ஒவ்வொரு வகையையும் தனித்தனியாக வரிசை கட்டாமல், மூன்று நான்கு செடியை ஒரே இடத்தில் கொத்தாக வையுங்கள். ஒரு கொத்து, ஒரு கட்டில் அகலம். அடுத்த கொத்துக்குப் பதினைந்து அடியாவது தள்ளிப் போங்கள். என் 22 சென்டில் 24 கொத்து. முதல் இரண்டு வருடம் பார்க்கச் சகிக்காது. பஸ்ஸிலிருந்து இறங்கி வந்த மருமகன், "மாமா, மனைய சுத்தம் பண்ணாமயே வெச்சிருக்கீங்களே" என்றார். காபி கொடுத்து அனுப்பினேன்.

மரம்

கொத்து இடுப்பளவு வந்ததும் அதன் மேற்குப் பக்கத்தில், புதரின் விளிம்புக்கு உள்ளேயே, ஒரே ஒரு மரம். கடல்காற்று கிழக்கிலிருந்து வருவதால் புதர் முன்னால் நிற்க வேண்டும். கடலுக்கு அருகில் இருக்கும் கொத்துகளில் புன்னை, பூவரசு, புங்கம். உள்ளே தள்ளிய கொத்துகளில் மகிழம், நாவல், உலக்கைப் பாலை, வேம்பு. வேம்பும் நாவலும் விதை சீக்கிரம் உயிர் இழக்கும். பழம் விழுந்த வாரத்துக்குள் போட்டுவிடுங்கள், டப்பாவில் சேர்த்து வைக்காதீர்கள்.

புன்னைக் கொட்டை தலைகீழ். ஓட்டோடு போட்டால் முளைக்க இரண்டு மாதம் ஆகும். நான் வைஸில் வைத்து மெல்ல முடுக்கி, ஓடு விரிசல் விடும் சத்தம் கேட்டதும் நிறுத்திவிடுவேன். அப்படிப் போட்டது ஐந்து வாரத்தில் வந்தது. 34 வருட அனுபவம் உதவியது இந்த ஒரு இடத்தில்தான் என்று நினைக்கிறேன். உள்ளே இருக்கும் பருப்பு விளக்கு எரிக்கும் எண்ணெய்க்குத்தான் ஆகும். தின்றால் விஷம். பேரப்பிள்ளைகள் இருக்கும் வீட்டில் கவனம்.

உலக்கைப் பாலைக்குப் பொறுமை வேண்டும். சப்போட்டாவுக்கு ஒட்டுக்கட்ட அடிச்செடியாக இதைத்தான் நர்சரிக்காரர்கள் வளர்ப்பார்கள், கேட்டால் கிடைக்கும். பெயர் சொல்கிறபடி உலக்கைக்கு ஆன மரம், அவ்வளவு வைரம். அதனால் வளர்ச்சியும் ஆமை நடை. என் பாலைக் கன்று முதல் வருடம் ஒரு சாண்கூட ஏறவில்லை. செத்துவிட்டதோ என்று நகத்தால் பட்டையைக் கீறிப் பார்ப்பேன், பச்சையாக இருக்கும். மேலே நின்றுகொண்டு கீழே போய்க்கொண்டிருந்திருக்கிறது.

அந்தக் கீழே போவதுதான் முக்கியம். நர்சரிப் பையில் வேர் அடியில் சுருண்டுவிடும். நான் நாலங்குல பிவிசி குழாயை ஒன்றரை அடி நீளத்தில் வெட்டி, நெடுக்காக இரண்டாகப் பிளந்து, மறுபடி சேர்த்துக் கம்பியால் கட்டிக்கொண்டேன். உள்ளே மணலும் கொஞ்சம் இலைமக்கும். அடியில் சணல் துணி. விதையை இதில் போட்டு, ஒரு மழைக்காலத்திலிருந்து அடுத்த மழைக்காலம்வரை வளர்த்தால் வேர் நேராக இறங்கியிருக்கும். குழியில் வைத்துக் கம்பியை அவிழ்த்தால் குழாய் இரண்டாகப் பிரிந்து வந்துவிடும். கன்றுக்குத் தெரியவே தெரியாது. உடைந்த குழாய் எந்தக் கட்டட வேலை நடக்கும் இடத்திலும் இலவசமாகக் கிடைக்கும்.

கடல் பக்கத்து இலை ஓரம் கருகுவதைப் பார்த்துப் பயப்படாதீர்கள், மருந்து அடிக்காதீர்கள். அது உப்புத் தூவல். கொஞ்ச வருடத்தில் மரம் கிழக்கே மொட்டையாகவும் மேற்கே தழைத்தும், தலைமுடியை ஒருபக்கம் வாரியது மாதிரி ஆகும். அந்தக் கருகிய குச்சிகளை அழகுக்காகக் கழித்தால் அடுத்த வரிசை இலை கருகும். எனக்கு ஒரு புங்கம் அப்படித்தான் போயிற்று.

தண்ணீர்

2019 கோடை நினைவிருக்கும். புழல், செம்பரம்பாக்கம் எல்லாம் வறண்டு, ஊரே குடத்தோடு லாரிக்கு நின்ற வருடம். அந்த வருடம் நான் பண்ணிய முட்டாள்தனம்: என் உறை கிணற்றில் இரவல் மோட்டாரைப் போட்டு, தினமும் இரண்டு மணி நேரம் இறைத்தேன். எட்டாம் நாள் தண்ணீர் கரித்தது. கவனிக்காமல் இன்னும் மூன்று நாள் ஊற்றினேன். நாலு நாவல் கன்று அதோடு சரி.

மணல்மேட்டுக்கு அடியில் இருக்கும் நல்ல தண்ணீர், மழை இறங்கிச் சேர்ந்தது. கனம் குறைவு என்பதால் கடலின் உப்பு நீர் மேல் மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே ஒரு அடி நல்ல தண்ணீர் நின்றால், அதன் கனத்தில் கீழே ஏறத்தாழ நாற்பது அடிக்கு உப்பு நீர் தள்ளி நிற்கும் என்பது கணக்கு. மேலே ஒரு அடி இறைத்தால் கீழே என்ன ஆகும் என்று நீங்களே போட்டுப் பாருங்கள். மீஞ்சூர்ப் பக்கம் அதிகமாக இறைத்து நிலத்தடியில் கடல்நீர் புகுந்தது 1960களின் கடைசியிலேயே தெரிந்துவிட்ட விஷயம்.

அதனால் மோட்டார் வேண்டாம், போர் வேண்டவே வேண்டாம். மூன்று உறை இறக்கிய ஆழமற்ற கிணறு, கயிறு, வாளி. கை வலிக்கும்போது நிறுத்திவிடுவோம், அதுதான் சரியான அளவு. முதல் கோடையில் ஐந்து நாளைக்கு ஒரு தடவை, மரத்துக்கு ஒரு குடம், சாயங்காலம். தினமும் ஒரு சொம்பு ஊற்றுவதைவிட இது நல்லது. சொம்புத் தண்ணீர் மேல் மணலோடு நின்றுவிடும், வேரும் அதைத் தேடி மேலே வரும். இரண்டாம் கோடையில் பத்து நாளைக்கு ஒன்று. மூன்றாம் கோடையில் நிறுத்திவிடுங்கள். கன்றைச் சுற்றிப் பழைய ஓலை, சருகு எதையாவது போட்டு மூடுங்கள். கறையான் வரும், வரட்டும். சருகைத் தின்று முடிக்கும்வரை உயிர்ச்செடிப் பக்கம் அது அவ்வளவாக வருவதில்லை.

சவுக்கை என்ன செய்வது

ஏற்கெனவே சவுக்கு நின்றால் ஒரே நாளில் வெட்டாதீர்கள். அது வெளியூர் மரம்தான், சென்னையின் அடுப்புகளுக்காகக் கரையெல்லாம் வைத்தது. அதன் சருகு மெத்தையில் வேறெதுவும் எளிதில் முளைக்காது. ஆனாலும் நின்றிருக்கும்வரை காற்றைத் தடுக்கிறதே. கொத்துகள் இடுப்பளவு வரும்வரை விட்டுவைத்து, வருடத்துக்கு நாலைந்தாக எடுங்கள். சருகை வாரி ஓரத்தில் குவித்துவிடுங்கள். சீமைக் கருவேலத்துக்கு மட்டும் கருணை வேண்டாம். சாண் உயரத்தில் இருக்கும்போதே மழை பெய்த மறுநாள் வேரோடு பிடுங்கிவிடுங்கள். கத்தியால் வெட்டினால் அடியிலிருந்து நாலாகக் கிளைக்கும்.

கல் சரிவு இருப்பவர்களுக்கு

என் மச்சானுக்கு நாகலாபுரம் பக்கம் மலை அடிவாரத்தில் கொஞ்சம் இடம். ஒரே பாறையும் சரளையும். அங்கே போனபோது களாவும் காசாவும் சூரையும் நின்றதைப் பார்த்துச் சொந்தக்காரர்களைப் பார்த்தது மாதிரி இருந்தது. மணலும் பாறையும் வேறுவேறு என்று நமக்குத் தோன்றுகிறது. செடிக்கு இரண்டும் ஒன்றுதான்: தண்ணீர் நிற்காது, சூடு அதிகம், மண் சொற்பம். அங்கே கொடிக்குப் பதிலாகக் கல்லை அடுக்குங்கள். சரிவுக்குக் குறுக்கே பிறை வடிவில், ஓர் அடி உயரம், வாய் மேல்பக்கம் பார்த்தபடி. மழையில் வரும் மண் அதில் தங்கும். விராலியும் களாவும் முதலில். கன்று வேண்டாம், விதையாகவே பாறை இடுக்கில் போடுங்கள். போகும் வழியை வேர் தானே கண்டுபிடிக்கும்.

திருவொற்றியூர், எர்ணாவூர்க்காரர்களுக்கு வாய்த்த கல் சரிவு வேறு மாதிரி. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் துறைமுகம் கட்டிய பிறகு, தெற்கிலிருந்து வந்த மணல் அந்தப் பக்கமே தங்கி மெரினா அகலமாயிற்று. நம் பக்கம் கடல் அரித்தது. மணல் இருந்த இடத்தில் இப்போது கருங்கல் தடுப்பு. கடலுக்குள் நீளும் கல் தடுப்பான தூண்டில் வளைவு போட்ட சில இடங்களில் கொஞ்சம் மணல் திரும்பி வந்திருக்கிறது. அந்தக் கற்களின் வீட்டுப் பக்கத்து இடுக்குகளில் பீச்சங்குக் குச்சியும் அடப்பங்கொடியும் செருகிப் பார்த்தேன். ஐந்துக்கு இரண்டு பிடிக்கிறது. மரம் எல்லாம் அங்கே வேண்டாம், அலை ஏறும் நாளில் நிற்காது.

எங்கே வைக்கக்கூடாது

கடற்கரையில் வைக்கக்கூடாது. நல்ல மனதோடு பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டிவந்து அலை ஓரம் கன்று நடும் விழாக்களைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது. தை முதல் பங்குனி வரை ஆமை முட்டையிட வரும் மணல் அது. அங்கே திறந்த மணலும் கொடியும்தான் இருக்க வேண்டும். மணல்மேடுகள் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல விதிகளில் மிகவும் காப்பாற்ற வேண்டிய முதல் வகையில் இருக்கின்றன. பட்டா நிலமாக இருந்தாலும் மேட்டை மட்டம் தட்டாதீர்கள். தட்டினால் அடியில் இருக்கும் நல்ல தண்ணீரும் போய்விடும்.

உங்கள் நிலத்துக்குள்ளும் எல்லா இடத்தையும் நிரப்ப வேண்டாம். என் 22 சென்டில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாக இன்னும் வெறும் மணல்தான். போன பங்குனியில் அதில் ஆள்காட்டிக் குருவி நாலு முட்டை வைத்தது. கூடு என்று ஒன்றும் இல்லை, லேசாக ஒரு குழி, சுற்றிலும் கிளிஞ்சல் துண்டு. நடந்துபோனால் மிதித்துவிடுவோம், அப்படி மணலோடு மணலாக இருக்கும். தொண்டையை விசிறி மாதிரி விரித்துக் காட்டும் ஓணான்களுக்கும் அந்த வெறுமணல்தான் மேடை. காலியாகக் கிடக்கிறதே என்று கை பரபரக்கும். எனக்கும் பரபரத்தது. கையில் கடப்பாரை இல்லாமல் போவதுதான் நான் கண்ட வழி.

பனை

பனையைத் தனியாகச் சொல்லக் காரணம், அது மேலே சொன்ன வரிசையில் சேராது. கொடிக்கும் முள்ளுக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. ஆவணி, புரட்டாசியில் பழம் விழும்போது கொட்டைகளைச் சேர்த்து, அந்த மாதமே ஒரு கைமுட்டி ஆழத்தில் புதைத்துவிடுங்கள். பத்தடிக்கு ஒன்று. தொட்டியில் வளர்த்து எடுத்து நடுவது கஷ்டம். கொட்டையிலிருந்து முளை முதலில் நேராகக் கீழேதான் போகும். நாம் வேகவைத்துத் தின்னும் கிழங்கு அதுதான். அதைத் தொந்தரவு செய்தால் முடிந்தது. முதல் வருடம் ஒற்றை இலை, கோரை மாதிரி. புல் என்று நினைத்துப் பிடுங்கிவிடாமல் இருக்க ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு குச்சி நட்டு வையுங்கள்.

2018 புரட்டாசியில் 40 கொட்டை புதைத்தேன். இப்போது 31 வடலி, அதாவது இளம் பனை, நிற்கிறது. தண்ணீர் ஒரு வாளிகூட ஊற்றவில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் ஒரு பூவரசு சாய்ந்தது, கிழக்கு ஓரத்தில் கொடிக்கு அடியில் மணல் அறுத்துக்கொண்டு போயிற்று, வடலிக்கு ஒன்றும் ஆகவில்லை. நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று: பச்சை மட்டையை வெட்டவிடாதீர்கள். பந்தலுக்கு, வேலிக்கு என்று கேட்டு வருவார்கள். அடிமரம் மேலே வரும்வரை காய்ந்த மட்டையை மட்டும் கொடுங்கள். வளர்ந்த பனையை வெட்டுவதாக இருந்தால் 2021இல் இருந்து ஆட்சியர் அனுமதி வேண்டும் என்பதையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

ஆண் பனையா பெண் பனையா என்பது பாளை விடும்போதுதான் தெரியும். அதற்குப் பன்னிரண்டு, பதினைந்து வருடமாவது ஆகும். பெரியம்மா போன மாதம் வடலிகளுக்கு நடுவே உட்கார்ந்து ஓலை கிழித்துக்கொண்டிருந்தார்.

"இதுல எத்தினி நுங்குக் காய்க்குன்டா?"

"தெரியாது பெரியம்மா. இன்னும் ஏழெட்டு வருஷம் போவணும்."

"சரி, அந்தக் களாச் செடியாண்ட ஒரு கன்னு தானா மொளச்சிருக்குது, இன்னான்னு பாரு. நீ நட்டது கெடையாது அது."

போய்ப் பார்த்தேன். இரண்டே இலையோடு ஒரு வேம்பு, புதருக்கு நடுவில், எந்தப் பறவையோ போட்டது. பக்கத்தில் ஒரு குச்சியை மட்டும் நட்டுவிட்டு வந்தேன்.